கழுத்துப் பட்டியில் ஆறு நிறம்

அக்காவுக்கு வணக்கம்ங்க.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறவராக) இருக்கிறேன். சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். நான் பால்புதுமையர் (பாலினத்திலோ பாலீர்ப்பிலோ வழக்கத்திலிருந்து மாறுபட்டவர், குயர்) என்பது நண்பர்கள் நாலு பேருக்குத் தெரியும், வீட்டுக்குத் தெரியாது. வருகிற ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்துக்கு 50 டி-சர்ட் அடித்து விற்று, மிச்சத்தை நல்ல காரியத்துக்குக் கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கள் கம்பெனியிலேயே வெளிநாட்டு ஆர்டருக்கு வானவில் சட்டை ஓடுகிறது. அதைப் பார்த்தால், இதெல்லாம் வியாபாரம்தானே, நாம் போடுவதால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. இன்னொன்று, தினமும் போடுகிற உடுப்பில் எனக்கென்று ஒரு அடையாளம் வேண்டும் என்று ஆசை. வீட்டில் பார்த்தால் புரியக் கூடாது. வழி இருக்குங்களா?

பெயர் போட வேண்டாம்ங்க.

*

அன்புள்ள கண்ணு,

உடுப்பு பேசுவது நம் ஊருக்குப் புதிதில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கிறவரின் வேட்டிக் கரையைப் பார்த்தே கட்சியைச் சொல்லிவிடுவோம். கறுப்பும் சிவப்பும் மட்டும் என்றால் ஒன்று, நடுவில் வெள்ளை வந்தால் இன்னொன்று. அதை வெறும் ஃபேஷன் என்று யாரும் தள்ளுவதில்லை, ஏனென்றால் கரை வேட்டி கட்டுகிறவர் கட்சிக்காக அலையவும் செய்கிறார். உங்கள் சந்தேகத்துக்கு என் பதிலும் அதுதான். அந்தத் துணியில் யார் கைக்குக் கூலி போகிறது, அதை உடுத்துகிறவருக்கு ஆபத்தில்லையா, இந்த இரண்டையும் பார்த்துச் செய்தால் அது ஆதரவு.

முதலில் எந்தக் கொடி என்பதை முடிவு செய்யுங்கள். வானவில் பால்புதுமையர் எல்லோருக்கும் பொது. 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கர் செய்தபோது எட்டுப் பட்டை, அடுத்த ஆண்டே ஆறாகிவிட்டது. திருநங்கையர், திருநம்பியர் எல்லோருக்குமான திருநர் கொடி வேறு. 1999இல் மோனிகா ஹெல்ம்ஸ் வடிவமைத்தது: இளநீலம், இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளை, மறுபடி இளஞ்சிவப்பு, இளநீலம். நீங்கள் வைத்திருக்கும் நாள் திருநங்கையரின் நாள். 2014இல் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றதும் அதே ஏப்ரல் 15இல்தான். அன்றைக்கு அவர்கள் கொடியைப் போடுவதுதான் முறை.

பிரிண்டிங் கணக்கும் அதற்கே சாதகமாக இருக்கிறது. கறுப்புச் சட்டையில் ஆறு பட்டை வானவில் என்றால் நிறத்துக்கு ஒன்றாக ஆறு ஸ்கிரீன் (அச்சுச் சட்டம்), நிறம் எடுப்பாகத் தெரிய அடியில் போடும் வெள்ளை பேஸுக்கு ஒன்று, ஆக ஏழு. 50 பீஸுக்கு அந்தச் செலவு தாங்காது. வெள்ளைச் சட்டையில் திருநர் கொடி என்றால் துணியே வெள்ளைப் பட்டை ஆகிவிடும். நீலத்துக்கு ஒன்று, இளஞ்சிவப்புக்கு ஒன்று, இரண்டே ஸ்கிரீன். பேஸும் வேண்டாம். வாட்டர் பேஸ் பிக்மென்ட் பிரிண்ட் சொல்லுங்கள், கைக்கு மெத்தென்று இருக்கும், ஏப்ரல் வெயிலில் நெஞ்சில் பிளாஸ்டிக் ஒட்டின மாதிரி வேர்க்காது. பட்டை ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர், அகலம் 10 இஞ்ச், கழுத்திலிருந்து 3 இஞ்ச் கீழே. நீலத்துக்கும் இளஞ்சிவப்புக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு டிசைன் போடுங்கள். ஒட்டிப் போட்டால் ஸ்கிரீன் அரை மில்லி நகர்ந்தாலும் இரண்டு நிறமும் ஏறிக்கொண்டு ஊதாக் கோடு விழும், அப்புறம் செக்கிங்கில் பாதி பீஸ் தள்ளிவிடும்.

கறுப்புதான் வேண்டும் என்று நண்பர்கள் பிடிவாதம் பிடித்தால் டிடிஎஃப் ஷீட் (ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் ஒட்டுவது) அடிக்கலாம், எத்தனை நிறமானாலும் ஒரே செலவு. ஆனால் சின்னதாக, இடது நெஞ்சில் 3 இஞ்சுக்குள் வையுங்கள். பெரிதாக ஒட்டினால் காற்று புகாது, மடிப்பில் வெடிக்கும். சப்ளிமேஷன் (சூட்டில் சாயத்தை ஆவியாக்கி ஏற்றுவது) பக்கம் போகவே வேண்டாம், அது பாலியெஸ்டரில்தான் பிடிக்கும், காட்டனில் நிற்காது.

துணியைப் பொறுத்தவரை, 50 பீஸுக்கு நூல் வாங்கி ஓட்டிச் சாயம் போடுவது வீண். ஒரு ரோலே 20, 25 கிலோ வரும், சாயப்பட்டறையிலும் சின்ன லாட்டுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். 24ஆம் நம்பர் நூலில் ஓட்டிய 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) காட்டன் சிங்கிள் ஜெர்ஸி (சாதாரண டி-சர்ட் பின்னல்), பயோ வாஷ் (என்சைமில் பிசிறு நீக்கியது) ஆனது, ரெடியாகத் தைத்த பிளெயின் சட்டையாகவே வாங்குங்கள். திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் மிச்சச் சரக்கு இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் 50 பீஸும் ஒரே லாட்டாக அமையாது, அடுக்கி வைத்தால் வெள்ளையிலேயே நாலு வெள்ளை தெரியும். விற்பனைக்கு என்றால் அது வேண்டாம்.

ஒரு பீஸை முன்னாடியே வாங்கி நெஞ்சகலமும் நீளமும் அளந்து குறித்துக்கொண்டு மூன்று முறை துவையுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் அந்தச் சரக்கு வேண்டாம். பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்பக்கம் ஒரு இஞ்சுக்கு மேல் வந்தாலும் வேண்டாம். பிரிண்ட் ஆனபின் இன்னொரு சோதனை: பட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். வெடித்தாலோ, ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை தேய்த்ததில் நிறம் ஏறினாலோ சூடு பற்றவில்லை என்று அர்த்தம். பிக்மென்ட் பிரிண்ட் 150 டிகிரியில் மூன்று நிமிஷமாவது நிற்க வேண்டும். அவசர ஆர்டரில் சூடேற்றும் மெஷினின் பெல்ட் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள், கோளாறு அங்கேதான் வரும்.

சைஸ் கேட்கும்போது லேடீஸா ஜென்ட்ஸா என்று கேட்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். இந்தச் சட்டையை வாங்க வருகிறவர்களில் பலருக்கு அந்தக் கேள்வியே காயம். ஒரே ரெகுலர் ஃபிட், நெஞ்சளவு இஞ்சில், அவ்வளவுதான். வழக்கமான விகிதத்தோடு எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் கொஞ்சம் கூடுதலாக வையுங்கள், தோள் அகலமான திருநங்கையருக்கு எம் சைஸ் கையிடுக்கில் பிடிக்கும்.

இனி பணம். அடக்கம் 220, விலை 350 என்று வைத்துக்கொள்வோம். 50 சட்டைக்குக் கைக்காசு 11,000. அது திரும்பி வரவே 32 சட்டை விற்க வேண்டும். 40 விற்றால் மிச்சம் 3,000, மீதிப் பத்துச் சட்டை பீரோவில். அதனால் "லாபம் முழுவதும் நன்கொடை" என்று எழுதி ஒட்டாதீர்கள். சட்டைக்கு 50 ரூபாய் என்று நிர்ணயித்து, யாருக்கு, எதற்கு என்று அட்டையில் அச்சடியுங்கள். எதற்கு என்பதைப் பணம் பெறுகிறவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். ரூம் அட்வான்ஸாக இருக்கலாம், கெசட்டில் பெயர் மாற்றும் செலவாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் பஸ் காசாக இருக்கலாம்.

நன்கொடையை விடக் கூலி மேல் என்பது என் கட்சி. தையல் தெரிந்த திருநங்கையர் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். கழுத்து டேப் (பின்கழுத்தின் உள்பட்டி) அடிப்பது, பிசிறு வெட்டுவது, மடித்துக் கவரில் போடுவது என்று இந்த ஆர்டரில் அவர்கள் செய்யக்கூடிய வேலை இருக்கிறது. பீஸ் ரேட்டை மற்றவர்களுக்குக் கொடுப்பதில் ஒரு பைசா குறைக்காமல், வேலை முடிந்த அன்றே கொடுங்கள். சட்டை விற்றாலும் விற்காவிட்டாலும் அந்தப் பணம் அவர்கள் கையில்.

உங்கள் கம்பெனி ஓட்டும் வானவில் ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் திருநர் தொடர்பான புகார்களுக்கென்று ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். நீங்களாகப் போய் எச்.ஆரில் கேட்டால் எதற்குக் கேட்கிறாய் என்று வரும், அந்த ரிஸ்க் வேண்டாம். அந்த ஆர்டர் கொடுக்கும் பையர் (வாங்குகிற கம்பெனி) சோதனைக்கு வைத்திருக்கும் ஆடிட் லிஸ்ட்டில், அலுவலரை நியமித்தாயிற்றா என்ற கேள்வியைச் சேர்க்கச் சொல்வது மெர்ச்சண்டைசருக்கு முடிகிற காரியம். டாய்லெட் ஏற்பாடு, ஐடி கார்டில் அவர்கள் வைத்துக்கொண்ட பெயர், இரண்டையும் அதிலேயே கேட்கலாம். ஆடிட்டில் வந்துவிட்டால் எந்தக் கம்பெனியும் தட்டிக்கழிக்காது.

உங்களுக்கென்று ஒன்று கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் கழுத்து டேப். டி-சர்ட்டின் பின்கழுத்தில், ஓவர்லாக் தையலை மறைத்துத் தோளிலிருந்து தோளுக்கு உள்பக்கமாக ஓடும் அந்த ஒரு சென்டிமீட்டர் பட்டி. அது ஆறு நிறத்தில் இருந்தால் போட்ட பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது. உங்கள் பிடரியில் மட்டும் படும். சட்டைக்கு 25 சென்டிமீட்டர் போதும். சாட்டின் ரிப்பன் வேண்டாம், ஓரம் அறுக்கும், வேர்வையில் அரிக்கும். காட்டன் ட்வில் டேப் வாங்கி, வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் காயவைத்த பிறகு அடியுங்கள், இல்லாவிட்டால் முதல் துவையலிலேயே டேப் சுருங்கிக் கழுத்து சுருக்கம் விழும். சிங்கர் மெஷினில் அடிக்கும்போது டேப்பை இழுக்கவே கூடாது, தானாகப் போக விடுங்கள். கொடியில் உலர்த்தும்போது சட்டையை வெளிப்பக்கம் திருப்பியே போடுங்கள், அம்மா எடுத்து மடிக்கிற வீடு என்றால் அதையும் யோசியுங்கள்.

ஆபீஸ் சட்டைக்கு இன்னும் எளிய வழி, பட்டன் நூல். காலருக்குக் கீழே முன்பட்டியில் பெரும்பாலும் ஆறு பட்டன்தான். மேலிருந்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. பழைய நூலைப் பிரித்து, பாலியெஸ்டர் தையல் நூலை இரட்டையாகக் கோத்து, துளைக்கு நாலு முறை ஓட்டி, பட்டனுக்கு அடியில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். எம்பிராய்டரி நூல் பளபளப்பாக இருக்கும், பட்டன் இழுப்புக்குத் தாங்காது. நீலம் ராயல் ப்ளூவாக இருக்கட்டும். நேவி எடுத்தால் ஊதாவோடு கலந்து ஐந்து நிறம் போலத் தெரியும். உங்கள் கையில் நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸ் இருக்கிறது, டி65இலும் (பகல் வெளிச்சம்) டிஎல்84இலும் (ட்யூப் லைட் வெளிச்சம்) வைத்துப் பார்த்து நூல் எடுங்கள், ஆபீஸ் ட்யூப் லைட்டில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகிவிடும். யாராவது கேட்டால் டிசைனர் சட்டை என்று சொன்னால் முடிந்தது. புரிந்தவர் வேறு மாதிரி சிரிப்பார், அவரையும் நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

நண்பர்களில் வெளிப்படையாக இருக்கிறவர் யாராவது வேட்டியில் செய்ய ஆசைப்பட்டால், கரையைத் தறியில் கேட்க வேண்டாம். கரை பாவு நூலில் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) வருவது, ஒரு வேட்டிக்காகப் பாவு ஓட்ட மாட்டார்கள். வெள்ளை நாலு முழ வேட்டியை இரண்டு முறை துவைத்துக் கஞ்சியும் சுருக்கமும் போகவிட்டு, ஒன்றரை இஞ்ச் வானவில் ரிப்பனை இரண்டு ஓரமும் வைத்துத் தையுங்கள். நாலேகால் மீட்டர் வேண்டும். ரிப்பனின் இரண்டு விளிம்பையும் ஒரே திசையில் தைக்க வேண்டும். ஒன்றை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் தைத்தால் கரை சாய்வாக அலையடிக்கும். இஸ்திரி போடும்போது ரிப்பன் மேல் ஒரு காட்டன் துணியைப் போட்டுத் தேயுங்கள், நேரே காட்டன் சூட்டில் வைத்தால் உருகிவிடும். கட்டிக்கொண்டு போனால் "இது எந்தக் கட்சிங்க தம்பி?" என்று கட்டாயம் ஒரு பெரியவர் கேட்பார். சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லட்டும்.

விற்கும் இடத்தில் முகம் தெரியும் போட்டோ எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். சட்டையை மட்டும் மடித்து வைத்து எடுத்து ஸ்டேட்டஸ் போடலாம். சட்டை வாங்கியவர் அதை வீடுவரை போட்டுப் போக முடியாத நிலையில் இருக்கலாம், அதனால் உள்ளே தெரியாத காகிதக் கவரில் கொடுங்கள்.

ஏப்ரல் 14 சித்திரைக்கனி. அதற்கு இரண்டு நாள் முன்பே ஜாப் ஒர்க் ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். மாதிரிப் பீஸ் மார்ச் முதல் வாரம், பிரிண்ட் மார்ச் 20க்குள், டேப்பும் மடிப்பும் அந்த மாதக் கடைசிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.