காது அடைப்பு: நடுச்செவிக் குழல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஊட்டிக்கு ஏறும்போது காது லேசாக அடைத்துத் தானே விட்டுவிடுகிறது; மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது மட்டும் வலிக்கிறதே, ஏன் டாக்டர்?

பதில்: செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவி ஒரு காற்றறை. அங்கிருந்து, மூக்குக்குப் பின்னால் தொண்டை தொடங்கும் இடம் வரை, பெரியவர்களுக்கு ஏறத்தாழ 36 மி.மீ. நீளத்தில் ஊஸ்டேஷியன் குழல் செல்கிறது. அது எப்போதும் திறந்திருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது மூடியே இருக்கும், நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசையொன்று இழுத்து நொடிப்பொழுது திறந்துவிடும். மலையேறும்போது வெளியழுத்தம் குறைவதால், உள்ளே மிகுந்துள்ள காற்று அந்தக் குழலைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடுகிறது. ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழிறங்கும்போதோ வெளியழுத்தம் கூடக் கூட, குழலின் மென்மையான கீழ்ப்பகுதி அழுந்தி ஒட்டிக்கொள்கிறது. தசை இழுத்தாலன்றிக் காற்று உள்ளே போகாது, செவிப்பறை உட்புறமாக இழுபட்டு வலிக்கிறது. ஆகவே வலி வரும்வரை காத்திராமல், முதல் வளைவிலிருந்தே எச்சில் விழுங்கிக்கொண்டு வாருங்கள்.

கேள்வி: மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதலாமா?

பதில்: மெதுவாக ஊதலாம், பலங்கொண்டு ஊதினால் உட்செவிக்கே ஊறு நேரலாம். சளி பிடித்திருக்கும்போது வேண்டாம். இம்முறையை 1704இல் எழுதிவைத்த இத்தாலிய மருத்துவர் வால்சால்வா, நடுச்செவியிலிருந்து சீழை வெளியேற்றவே இதைப் பரிந்துரைத்தார் என்பது வேடிக்கை. மூக்கைப் பிடித்தபடி விழுங்கிப் பார்ப்பதையே நான் முதலில் சொல்வேன்.

கேள்வி: காதில் எண்ணெய் விட்டால் அடைப்பு போகுமா?

பதில்: போகாது. ஓட்டையில்லாத செவிப்பறையைத் தாண்டி எண்ணெய் செல்லாது. ஓட்டை இருந்தால் விடவே கூடாது.

கேள்வி: கைக்குழந்தையோடு விமானத்தில் போகிறோம், என்ன செய்யலாம்?

பதில்: விமானம் தரையிறங்கத் தாழும்போது குழந்தையை எழுப்பிப் பால் கொடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு என்பதால்தான் எழுப்பச் சொல்கிறேன். குழந்தைகளின் குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளி பிடித்தால் தொற்று எளிதில் காதுக்கு ஏறிவிடும். காய்ச்சலும் காதுவலியும் இருந்தால் பயணத்துக்கு முன்பே காட்டிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 52. சளியே இல்லை, ஆனால் ஒரு மாதமாக இடது காது மட்டும் நீருக்குள் இருப்பதுபோல் அடைத்திருக்கிறது.

பதில்: குழல் திறக்காதபோது நடுச்செவிக் காற்றை அதன் சவ்வே சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ள, வெற்றிடத்தை நிரப்ப நீர் கசிந்து தேங்குகிறது. சளிக்குப் பின் இவ்வாறு நேர்ந்தால் பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஆனால் பெரியவர் ஒருவருக்கு, காரணமின்றி, ஒரே காதில் இது நீடித்தால், குழலின் தொண்டைப்பக்க வாயைக் கட்டி ஏதும் அழுத்துகிறதா என்று மூக்கு வழியே எண்டோஸ்கோப் செலுத்திப் பார்த்தே ஆக வேண்டும். இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் செல்லுங்கள்.