சட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சட்டப் படிப்பை முடித்துப் பயிற்சிக் காலத்தில் இருக்கிறேன். கனடாவின் வடகோடியில் இனுயிட் மக்கள் வாழும் நுனவுட்டில், சட்ட உதவி வழக்குரைஞராகப் பணியாற்ற விரும்புகிறேன். நகரத்தில் இதே பணியைச் செய்வதிலிருந்து அது எவ்வாறு வேறுபடும்?
– வாசகி, ஒட்டாவா

பதில்: குற்றவியல் சட்டம் கனடா முழுவதற்கும் ஒன்றுதான், நீதிமன்றம் மக்களிடம் வந்து சேரும் விதம்தான் வேறு. 1999 ஏப்ரல் 1 அன்று தனி ஆட்சிப்பகுதியான நுனவுட்டில் 25 ஊர்கள் இருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் சாலைகள் இல்லை. எனவே தலைநகரான இக்காலுயிட்டிலுள்ள நுனவுட் நீதிமன்றமே விமானமேறி ஊர்களுக்குச் செல்கிறது. நீதிபதி, எழுத்தர், மத்திய அரசின் வழக்குரைஞர், கட்சிக்காரருக்காக வாதாடும் நீங்கள் என்று பலரும் ஒரே விமானத்தில் வந்திறங்கி, ஊர்ப் பொதுக்கூடத்தில் மேசை போட்டு அமர்வதைப் பார்க்கும் குற்றம்சாட்டப்பட்டவர், உங்களையும் எதிரணியில் சேர்த்துவிட்டால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இந்த ஐயத்தைப் போக்க வாதத்திறமை உதவாது. அந்தந்த ஊரில் இருக்கும் இனுயிட் நீதிமன்ற உதவிப் பணியாளரே உதவுவார். யார் யாருக்கு உறவு, யாருக்கு இனுயிட் மொழியான இனுக்டிட்டூட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரை வெறும் உதவியாளராக நடத்தும் வழக்குரைஞர் அங்கே நிலைப்பது கடினம். விசாரணையில் ஒரு சாட்சி புருவத்தை உயர்த்தினால் அது ‘ஆம்’, மூக்கைச் சுருக்கினால் ‘இல்லை’. அதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்யாவிட்டால், பதிவேட்டில் அந்தப் பதில் இடம்பெறாது.

பனிப்புயலால் விமானம் வராவிட்டால் நீதிமன்றம் அடுத்த முறை சுற்றுக்கு வரும் வரை வழக்கு வாய்தா ஆகும்; அது சில மாதங்கள் கூட நீளலாம். பிணை கிடைக்காதவர் தம் ஊரிலிருந்து வெகுதொலைவில் காவலில் இருக்க நேரும் என்பதால், தொலைபேசி வழியே நடக்கும் பிணை விசாரணைகளை அலட்சியமாகக் கொள்ளாதீர்கள்.

நீங்கள் மிகுதியாக உழைக்க வேண்டிய இடம் தண்டனை விசாரணை. பூர்வகுடியினரின் வாழ்க்கைப் பின்னணியை நீதிபதி கருத்தில் கொண்டே தண்டனை விதிக்க வேண்டும் என்று 1999-இல் கிளாடூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2012-இல் அதை மேலும் வலியுறுத்திய தீர்ப்பு, இக்காலுயிட்டில் வளர்ந்த இப்பீலீ என்பவர் வழக்கிலும் அதனுடன் விசாரிக்கப்பட்ட மற்றொரு வழக்கிலும் பிறந்தது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்ட பெற்றோர், 1953-இல் வட கியூபெக்கின் இனுக்ஜுவாக்கிலிருந்து வடதுருவத் தீவுகளுக்கு அரசால் குடியேற்றப்பட்ட மூதாதையர், நெரிசலான வீடுகள் என்று ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கட்சிக்காரரிடம் பொறுமையாகக் கேட்டறிவதற்கு, நீதிமன்றம் கூடும் நாளின் காலை நேரம் ஒருபோதும் போதாது.

ஆகவே தெற்கிலிருந்து சுற்றுக்கு மட்டும் பறந்து வரும் ஒப்பந்தப் பணியை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்ட உதவி வாரியத்தின் மண்டல அலுவலகங்கள் இக்காலுயிட், ரான்கின் இன்லெட், கேம்பிரிட்ஜ் பே ஆகிய ஊர்களில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் தங்கிப் பணியாற்றும் இடத்துக்கே விண்ணப்பியுங்கள்; வீட்டுவசதி பற்றாக்குறையான ஊர்கள் என்பதால், தங்குமிடம் தருவார்களா என்பதை நேர்காணலிலேயே தயங்காமல் கேட்டுவிடுங்கள்.