அத்தைக்கு இரண்டு பிறந்தநாள்

குடும்ப வரலாறு எழுதும் வாசகர்களின் கேள்விகளுக்கு, தண்டையார்பேட்டையில் 35 வருஷம் பள்ளி எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: கிராம்ப்ஸ் மென்பொருளில் எங்கள் குடும்ப மரத்தை ஏற்றி வருகிறேன். அத்தையின் பிறந்த தேதி மாநகராட்சிச் சான்றிதழில் 19 அக்டோபர் 1974, பள்ளி டி.சி.யில் 2 ஜூன் 1974. எதை ஆதாரமாகக் காட்டுவது? ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனித்தனி சோர்ஸ் (ஆதார மூலம்) போட வேண்டுமா?
— வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: அந்த ஜூன் தேதியை எழுதிய கை என்னுடையதாகவே இருக்கலாம் அம்மா. நான் வேலைக்குச் சேர்ந்தது 1979இல். அட்மிஷன் நாளில் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவார்கள். "எப்பம்மா பொறந்தது?" என்றால், "ஐப்பசி மாசம் சார், நல்ல அடைமழை" என்பார்கள். வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயசு ஆகிவிட்டது என்று கணக்கு. தலைமையாசிரியர் ஒரு தேதி சொல்வார், நான் எழுதுவேன். எங்கள் பள்ளியில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்கள்!

அதற்காக ஜூனைத் தூக்கி எறிய வேண்டாம். அத்தையின் வேலை, பென்ஷன் எல்லாம் அந்தத் தேதியில்தான் ஓடியிருக்கும். அக்டோபரை முதல் பிறப்பு நிகழ்வாக வையுங்கள். ஜூனை இரண்டாவதாகச் சேர்த்து, அதற்கு டி.சி.யைக் காட்டுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒன்று பாருங்கள். சான்றிதழில் பிறந்த தேதிக்குக் கீழே பதிவு செய்த தேதி என்று ஒரு வரி இருக்கும். அது 1974 கடைசியிலேயே இருந்தால் நிம்மதி. பல வருஷம் கழித்து இருந்தால் யோசியுங்கள். 1969ஆம் வருஷப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, ஒரு வருஷம் தாண்டிய பதிவுக்கு மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டியிருந்தது. அதற்குப் பள்ளிச் சான்றையே கையில் எடுத்துக்கொண்டு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வாங்கிய சான்றிதழில் இருப்பது என்னைப் போன்ற ஒரு எழுத்தர் போட்ட தேதிதான்.

சரி, சோர்ஸ் விஷயம். 'மாநகராட்சி பிறப்புப் பதிவேடு' என்று ஒரே ஒரு சோர்ஸ் போதும். அது இருக்கும் இடமான மாநகராட்சியை ரெபாசிட்டரியாகப் போடுங்கள். ஆளுக்கு ஆள் மாறுவது சைட்டேஷன், அதாவது அந்த சோர்ஸில் எந்தப் பதிவைப் பார்த்தோம் என்ற குறிப்பு. அதில் பதிவு எண், பதிவு தேதி, சான்றிதழ் வழங்கிய நாள், நீங்கள் பார்த்தது அசலா ஜெராக்ஸா, அது யார் வீட்டில் இருக்கிறது என்பதெல்லாம் வரட்டும்.

இதில் நான் பட்ட பாடு உண்டு. 'பிறப்புச் சான்றிதழ்' என்று மொட்டையாக ஒரு சோர்ஸைப் போட்டு, 40 பேருக்கும் அதையே மாட்டி வைத்திருந்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து, கட்டிலுக்கு அடியில் இருந்த ஃபைல் ஊறிப்போனது. சைட்டேஷனில் பதிவு எண்ணையும் எழுதி வைத்திருந்தது 6 பேருக்குத்தான். அவர்களுக்கு மறுபிரதி சுலபமாகக் கிடைத்தது. மற்றவர்களுக்கு இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: தாத்தாவின் இறப்புச் சான்றிதழில் அவர் அம்மா பெயர் தவறாக இருக்கிறது. இதை நம்பகமான ஆதாரம் என்று குறிக்கலாமா?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: யார் சொல்லி எழுதினார்கள் என்று யோசியுங்கள் தம்பி. இறந்த நாள், அன்றே கண்ணால் பார்த்தவர்கள் சொன்னது. அம்மா பெயரோ, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற மருமகனோ பேரனோ நினைவிலிருந்து சொன்னது. அந்தக் கிழவியை அவர் பார்த்திருக்கக்கூட மாட்டார். கிராம்ப்ஸில் நம்பகத்தன்மையைக் குறிப்பது சைட்டேஷனில்தான். அதனால் ஒரே சான்றிதழுக்கு இரண்டு சைட்டேஷன் போடலாம்: தேதிக்கு 'மிக அதிகம்', அம்மா பெயருக்கு 'குறைவு'. தவறான பெயரைத் திருத்தி எழுதாதீர்கள், இருப்பதை அப்படியே எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த சரியான பெயரை யார் சொன்னார்கள் என்பதையும் குறிப்பில் சேருங்கள். சாவுக்கான காரணத்தைச் சான்றிதழில் தேட வேண்டாம். நகலில் அதைத் தரக் கூடாது என்பது அதே 1969 சட்டம்.

கேள்வி: கொள்ளுப்பாட்டிக்கு ராயபுரம் கோயில் ஞானஸ்நானப் பதிவு மட்டும்தான் கிடைத்தது. அதைப் பிறப்புக்கு ஆதாரமாகக் காட்டலாமா?
— வாசகி, காசிமேடு

பதில்: முதலில் அதை ஞானஸ்நானம் என்ற தனி நிகழ்வாகப் போடுங்கள். பதிவில் பிறந்த தேதியும் இருந்தால் அதே சைட்டேஷனைப் பிறப்புக்கும் பகிருங்கள். இல்லையென்றால் பிறப்பை 'இந்தத் தேதிக்கு முன்' என்று குறிக்கலாம். ஞானப் பெற்றோர் பெயர்களை விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள்.

கேள்வி: நாங்கள் பொன்னேரிக்காரர்கள். அண்ணனின் 1972 பிறப்புப் பதிவு அங்கே இல்லை என்கிறார்கள்.
— வாசகர், பொன்னேரி

பதில்: பிறந்தது எந்த ஆஸ்பத்திரி? ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். என்றால் மாநகராட்சியில் தேடுங்கள். வீடு எங்கே இருந்தாலும் குழந்தை பிறந்த இடத்தில்தான் பதிவு. கிடைத்ததும் ஊர்ப் பெயரை மெட்ராஸ் என்றே போடுங்கள், 1996 வரை அதுதானே பெயர்.