ஆய்வுநூலுக்கு வாசகர் தேடுதல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சென்னையில் வரலாறு முதுகலை முடித்தேன். ஆறு மாதமாக டெல்லியில் ஆய்வுநூல்கள் வெளியிடும் ஆங்கிலப் பதிப்பகம் ஒன்றில் விளம்பரப் பிரிவில் இருக்கிறேன். இந்த அரையாண்டில் ஒன்பது புது நூல்கள் என் பொறுப்பு. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ராமநாதபுரம் மாவட்டக் கண்மாய்களின் வரலாறு. அதற்காக 140 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று பேர்தான் பதில் போட்டார்கள். நூலாசிரியர் கூச்ச சுபாவமுள்ள பேராசிரியர். கேமரா என்றாலே ஒதுங்கிவிடுகிறார். என் மேலதிகாரியோ, "ஹார்வர்டு பிக்கெட்டியை விற்கவில்லையா, நம்மால் முடியாதா?" என்கிறார். ஏற்றத்தாழ்வு பற்றி பிரெஞ்சுப் பொருளியலாளர் தாமஸ் பிக்கெட்டி எழுதிய 'இருபத்தோராம் நூற்றாண்டில் மூலதனம்' என்ற நூலைத்தான் சொல்கிறார். கடை விரித்தேன் கொள்வாரில்லை என்ற நிலைதான். இருபது வருட உழைப்பை முப்பது நொடி ரீல்ஸ் ஆக்கிக் கூவி விற்பது அந்த ஆய்வுக்கே இழுக்கு இல்லையா என்றும் தோன்றுகிறது. நீங்கள் எழுத வருவதற்கு முன் இதே வேலையில் இருந்ததாகப் படித்திருக்கிறேன். ஒரு வழி சொல்லுங்கள்.

ம., டெல்லி

அன்புள்ள ம.,

பதினொரு வருடம் அந்த வேலையில் இருந்தேன். உங்கள் கடிதத்தில் 'இழுக்கு' என்ற சொல் என்னை நிறுத்தியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர். அச்சுச் செலவுக்கு அவரிடம் பணம் இல்லை. நூல் வந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்று பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் வாங்கித்தான் அந்தப் பதிப்பைக் கொண்டுவந்தார். ஏடு தேடி அவர் அலைந்ததை நாம் எல்லோரும் பேசுகிறோம். வாங்குபவர்களைத் தேடி அலைந்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு நூல் இருக்கிறது, அது உங்களுக்கு வேண்டியது என்று ஒருவரிடம் போய்ச் சொல்வதை அவர் இழுக்காக நினைக்கவில்லை. நீங்களும் நினைக்க வேண்டாம்.

உங்கள் மேலதிகாரி சொல்லும் பிக்கெட்டி கதைக்கு வருவோம். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் ஏதோ தந்திரம் செய்து விற்றது என்று அவர் நினைக்கிறார் போலிருக்கிறது. நடந்தது வேறு. பிக்கெட்டியும் இன்னொரு பொருளியலாளரான இமானுவேல் சேஸும் அமெரிக்காவின் உச்சியில் உள்ள ஒரு சதவீதத்தினரின் வருமானத்தைக் கணக்கிட்டு எழுதிய கட்டுரை 2003இலேயே வந்துவிட்டது. 2011இல் வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்புப் போராட்டத்தில் அந்த 'ஒரு சதவீதம்' தெருவில் முழங்கியது. 2013 டிசம்பரில் ஒபாமா ஏற்றத்தாழ்வைப் பற்றியே தனியாக ஓர் உரை ஆற்றினார். அதே ஆண்டு பிரெஞ்சு மூலநூல் வெளிவந்ததும், உலக வங்கியில் பணியாற்றிய பொருளியலாளர் பிராங்கோ மிலனோவிச் அதைப் படித்துவிட்டு ஆங்கிலத்தில் நீண்ட மதிப்புரை எழுதினார். மொழிபெயர்ப்பு வருவதற்கு முன்பே பொருளியலாளர்கள் மத்தியில் அது சுற்றிவந்தது. பேச்சு சூடாவதைப் பதிப்பகம் கவனித்து, ஆங்கிலப் பதிப்பை முன்கூட்டியே 2014 மார்ச்சில் கொண்டுவந்தது. ஏப்ரலில் பிக்கெட்டி அமெரிக்காவுக்கு வந்து பேசினார். நோபல் பெற்ற பொருளியலாளர் பால் க்ரூக்மன் நூலைப் பாராட்டி எழுதினார். அமேசானில் முதலிடத்துக்குப் போய், கையிருப்பும் தீர்ந்துபோனது.

இதில் பதிப்பகத்தின் பங்கு சிறியதில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அவர்கள் உருவாக்கவில்லை. பத்து வருடமாக ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு ஒரு நூல் வருகிறது என்பதைச் சரியாகக் காதில் வாங்கினார்கள். அந்தக் காதுதான் நம் தொழிலுக்கு மூலதனம் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்றையும் உங்கள் மேலதிகாரியிடம் சொல்லுங்கள். அதே 2014 ஜூலையில் ஜோர்டன் எலன்பெர்க் என்ற கணிதப் பேராசிரியர், கிண்டில் வாசகர்கள் அதிகம் அடிக்கோடிட்ட வரிகளைக் கொண்டு ஒரு விளையாட்டுக் கணக்குப் போட்டார். பிக்கெட்டியின் சுமார் 700 பக்க நூலில் அதிகம் அடிக்கோடிட்ட ஐந்து வரிகளும் முதல் 26 பக்கங்களுக்குள்ளேயே இருந்தன. அது அறிவியல் முடிவு அல்ல என்று அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் எனக்கு அது மறக்கவில்லை. விற்றதெல்லாம் படிக்கப்பட்டதாகாது. உங்கள் கண்மாய் நூல் 600 பிரதி விற்று, அதில் 400 பேர் கடைசி அத்தியாயம்வரை போனால், அந்த வேலையைச் செய்ததற்காக நீங்கள் பெருமைப்படலாம்.

இப்போது அந்த 140 மின்னஞ்சல்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அது 140 பேருக்குப் போன ஒரே கடிதம்தானே? மதிப்புரைப் பக்கம் பார்ப்பவரின் மேசையில் அப்படிப்பட்டவை தினமும் குவிகின்றன. நூலை முழுக்கப் படித்துவிட்டு பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு கடிதம் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் இந்த நூலில் எந்தப் பக்கம் வேண்டியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முழுக்க என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு நூலின் முன்னுரையை மட்டும் படித்துவிட்டு, பத்திரிகைக் குறிப்பில் 'இப்பொருளில் வெளிவரும் முதல் ஆய்வு' என்று எழுதி அனுப்பினேன். முன்னுரையில் ஆசிரியர் அப்படிச் சொல்லவே இல்லை. ஓசையாக இருக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது. முப்பது வருடத்துக்கு முன் அதே பொருளில் ஆய்வேடு எழுதிய முதியவர் ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் போட்டார். அவருடைய ஆய்வேட்டை நூலாசிரியர் இரண்டாம் அத்தியாயத்தில் நன்றியோடு குறிப்பிட்டிருந்தார். நான் அந்த அத்தியாயத்தைத் திறக்கவே இல்லை. துறைக்காரர்கள் முன் தலைகுனிந்தது ஆசிரியர். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் போன அந்த மாலை இன்றும் நெஞ்சில் குத்துகிறது. 'முதல்', 'இதுவரை யாரும் சொல்லாத' என்ற சொற்களை அதன்பின் நான் தொட்டதில்லை.

சரி, கண்மாய்க்கு யார் காத்திருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள். அவற்றைச் சுற்றி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மதுரையில் தானம் அறக்கட்டளை கண்மாய்ப் பாசன விவசாயிகளோடு நெடுங்காலமாக இயங்குகிறது. சென்னையில் வளர்ச்சி ஆய்வு நிறுவனமும் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். நீர்வளத் துறைப் பொறியாளர்களில் படிக்கிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். இவர்களில் யாரும் உங்கள் 140 பேர் பட்டியலில் இருந்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பத்திரிகைக்காரர்களை மட்டும் தேடியிருப்பீர்கள்.

பத்திரிகைக்குக் காலம் பார்த்துப் போக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்ட 2019 கோடையிலும், ஏரிகளின் வரலாறு தெரிந்தவர்களைப் பத்திரிகைகள் தேடின. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே பேராசிரியரின் எண்ணூறு சொல் கட்டுரை ஒன்று உங்கள் கையில் தயாராக இருக்கட்டும். மழை பிடித்த மறுநாள் ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். அவர் எழுதத் தயங்கினால் தொலைபேசியில் பேசவிட்டு நீங்கள் எழுதி, அவரிடம் திருத்தம் வாங்குங்கள். கூச்சமுள்ளவர்கள் தங்கள் பொருளைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். அதை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன்.

ரீல்ஸையும் ஒதுக்க வேண்டாம். அவர் முகம் தெரிய வேண்டியதில்லை. கண்மாயின் உபரிநீர் வெளியேறும் கலுங்கில் தண்ணீர் வழிவதைக் காட்டி, நூலில் உள்ள ஒரு பத்தியை உங்கள் குரலில் வாசியுங்கள். தமிழில் சொல்லுங்கள். ஆங்கில நூல்தான், ஆனால் அந்தக் கண்மாய்களின் நீர்பாய்ச்சிகள் தமிழில்தான் பேசுகிறார்கள்.

எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழுக்கும், உங்கள் ஊரிலேயே உள்ள மதிப்புரை இதழான தி புக் ரிவ்யூவுக்கும் பிரதிகள் போயிருக்கும். துறை சார்ந்த ஆய்விதழ்களில் மதிப்புரை வர ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகும். அப்போது உங்கள் மேசையில் வேறு ஒன்பது நூல்கள் இருக்கும். அப்போதும் இந்தக் கண்மாய் நூலை மறந்துவிடாதீர்கள். மதிப்புரை வந்த அன்று அதை நூலகங்களுக்கும் பேராசிரியருக்கும் அனுப்ப உங்களைத் தவிர ஆளில்லை.

விலையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. கெட்டி அட்டையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குமேல் என்றால் கண்மாய்க்கரையில் இருக்கும் பள்ளி ஆசிரியர் எப்படி வாங்குவார்? குறைந்தவிலைப் பதிப்பு எப்போது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேளுங்கள். அதுவரை ஓர் அத்தியாயத்தையாவது இலவசமாகப் படிக்கத் தரச் சொல்லி அனுமதி வாங்குங்கள்.

நான் திருவாடானைப் பக்கத்துக்காரன். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். நாரையால் ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம் என்று என் பாட்டி விளக்கியது நினைவிருக்கிறது. அந்த மடைகளைப் பற்றி உங்கள் பேராசிரியர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசை. எனக்கு மதிப்புரைப் பிரதி வேண்டாம், அதை வாங்க வழியில்லாத யாருக்காவது கொடுங்கள். விலையை மட்டும் எழுதுங்கள். நான் வாங்கிக்கொள்கிறேன்.