அரசு சேவையில் ஏஜென்ட்டும் சொற்பொருள் வலையும்: கேள்வி பதில்

கேள்வி: சொற்பொருள் வலை என்றால் என்ன சார்?

பதில்: மென்பொருளும் பொருள் மாறாமல் எடுத்துக்கொள்ளும்படி தகவலை எழுதிவைப்பது. இதற்கான ஆர்டிஎஃப் (RDF) என்ற எழுத்துமுறையில் ஒவ்வொரு தகவலும் மூன்று துண்டு: 'குழந்தை உதவித்தொகை – கேட்கும் சான்று – பிறப்புச் சான்றிதழ்'. இன்னொரு துறை 'பிறப்புச் சான்றிதழ் – வழங்குவது – பதிவாளர்' என்று எழுதியிருந்தால், ஏஜென்ட் (நம் சார்பில் தானே வேலை பார்க்கும் மென்பொருள்) இரண்டையும் கோத்து, விண்ணப்பதாரரை அலைக்கழிக்காமல் பதிவாளரிடமே வாங்கிக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சிபிஎஸ்வி-ஏபி (CPSV-AP) சொற்றொகுதி சேவைகளை இப்படித்தான் விவரிக்கிறது: கட்டணம், சான்று, எந்த வாழ்க்கை நிகழ்வோடு சேர்ந்தது எல்லாம் அதில் வரும்.

கேள்வி: ஏஜென்ட்டைக் கட்ட எந்த ஃப்ரேம்வொர்க் (ஆயத்த மென்பொருள் சட்டகம்) நல்லது?

பதில்: அது கடைசி வேலை. முதலில் துறைகள் உட்கார்ந்து 'குடும்பம்', 'வருமானம்' என்பதற்கு வரையறை எழுதி முடிக்கட்டும்.

கேள்வி: எஸ்தோனியாவில் துறைகள் தரவு பரிமாறும் எக்ஸ்-ரோடு இதைத்தானே செய்கிறது?

பதில்: இல்லை. 2001 முதல் ஓடும் அது, தரவைக் கையொப்பத்தோடும் நேரமுத்திரையோடும் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும். இரு பக்கமும் அதை ஒரே பொருளில் எடுத்துக்கொள்கின்றனவா என்பது வேறு பிரச்சினை.

கேள்வி: பிளாக்செயின்?

பதில்: வேண்டாம்.

கேள்வி: சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியிடம் விதிப் புத்தகத்தைக் கொடுத்தால் அதுவே படித்துக்கொள்ளும். ஆன்டாலஜி (சொற்களுக்கும் அவற்றின் உறவுகளுக்கும் எழுதிவைக்கும் வரையறை) எல்லாம் பழைய கதை.

பதில்: படிக்கும். குடிமக்கள் தங்கள் பேச்சில் எழுதியதைப் புரிந்துகொண்டு சரியான சேவைக்குக் கொண்டுவிட அருமையான கருவி. ஆனால் தகுதி உண்டா என்று தீர்ப்புச் சொல்ல விடாதீர்கள். உதவித்தொகை கூடுதலாக வாங்கியதாகச் சொல்லி கடன் வசூலித்த ஆஸ்திரேலியாவின் தானியங்கித் திட்டம், ரோபோடெப்ட்டைப் பாருங்கள். வரித்துறையிடம் இருந்தது ஆண்டு வருமானம். உதவித்தொகைக்குக் கணக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஆண்டுத் தொகையைச் சமமாகப் பிரித்துப் போட்டுவிட்டது அமைப்பு. பாதி வருடம் வேலையில்லாமல் இருந்தவருக்கும் அந்த வாரங்களில் சம்பளம் வந்ததாகக் காட்டி, கடன் நோட்டீஸ் போனது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். 2023-ல் விசாரணை ஆணைய அறிக்கை அதைக் கிழித்துத் தொங்கவிட்டது.

கேள்வி (அவரே): அதில் ஏஐயே இல்லையே. வெறும் வகுத்தல் கணக்கு!

பதில்: சரியாகப் பிடித்தீர்கள். வகுத்தல் கணக்கு என்பதால்தான் 'இந்த வரியில் தப்பு' என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. மொழி மாதிரி அதே ஊகத்தை உள்ளுக்குள் செய்திருந்தால் எதைக் காட்டுவீர்கள்?

கேள்வி (அவரே): மேலிடமே குறுக்குவழி கேட்டால் ஆன்டாலஜி தடுத்துவிடுமா?

பதில்: தடுக்காது. ஆனால் ஆண்டு வருமானம் வேறு, இரு வார வருமானம் வேறு, ஒன்றிலிருந்து மற்றதை வருவிக்க விதி இல்லை என்று எழுதியிருந்தால், அந்த விதியை யாராவது தன் பெயரில் சேர்த்தாக வேண்டும். யார் சேர்த்தார், எந்தத் தேதியில் என்பது பதிவில் நிற்கும். எனக்கு அவ்வளவு போதும்.

கேள்வி: ஃப்ரேம்வொர்க் பற்றிச் சொல்லவே இல்லையே?

பதில்: மேலே பாருங்கள். குடும்பம். வருமானம்.

கேள்வி: சிறிய துறை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஒரே ஒரு விண்ணப்பப் படிவம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, அதைக் கேட்கச் சொல்லும் சட்டப் பிரிவை எழுதுங்கள். சிலவற்றுக்குப் பிரிவே கிடைக்காது; அவற்றைத் தூக்கிவிடுங்கள். மிச்சத்துக்கு நிலையான யூஆர்ஐ (இணைய முகவரி போன்ற தனி அடையாளம்) கொடுங்கள், அப்புறம் ஆர்டிஎஃப் தரவைச் சோதிக்கும் ஷாக்கிள் (SHACL) மொழியில் சரிபார்ப்பு விதி எழுதுங்கள்.

கேள்வி: நிராகரிப்புக் கடிதத்தை ஏஜென்ட்டே அனுப்பலாமா?

பதில்: தட்டச்சு செய்யட்டும். எந்த விதி, எந்தத் தரவு, யாரிடம் மேல்முறையீடு என்பதோடு ஓர் அதிகாரியின் பெயரும் இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.