ஒரே நெட்வொர்க்கில் போனும் டேட்டாவும்: வளரும் அலுவலகங்களின் கேள்விகள்

தொலைபேசியையும் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கையும் ஒன்றாக்கும் வேலையில் இறங்கியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பலவற்றின் அடியில் இருப்பது ஒரே சிக்கல்தான். லைனின் வேகத்தை எல்லோரும் பார்க்கிறார்கள். பாக்கெட் (நெட்வொர்க்கில் தகவல் பயணிக்கும் சிறு துண்டு) நேரத்துக்குப் போய்ச் சேருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் அலுவலகத்தில் 40 பேர். இணைய இணைப்பு 100 எம்பிபிஎஸ். ஆனாலும் யாராவது பெரிய ஃபைலை அப்லோடு செய்தால் போனில் குரல் விட்டு விட்டு வருகிறது. 200-க்கு மாறினால் சரியாகுமா?

அநேகமாக ஆகாது. கணக்கைப் பாருங்கள். ஜி.711 கோடெக்கில் (குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை) ஒரு அழைப்பு வழக்கமாக 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்பும். அதாவது நொடிக்கு 50. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், அதைக் கொண்டு சேர்க்கும் தலைப்புத் தகவல் 40 பைட். ஆக நொடிக்கு 80 கிலோபிட், அதாவது 80 கேபிபிஎஸ். ஈத்தர்நெட் தலைப்பையும் சேர்த்தால் சுமார் 87. ஒரே நேரத்தில் 20 பேர் பேசினாலும் ஒரு திசைக்கு 2 எம்பிபிஎஸ் தாண்டாது. எனவே இடப் பற்றாக்குறை இல்லை.

பல இணைப்புகளில் 100 எம்பிபிஎஸ் என்பது டவுன்லோடு வேகம் மட்டும்தான். உங்கள் அப்லோடு 10 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். மோடத்தில் 10 லட்சம் பைட் கொள்ளும் பஃபர் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம்) இருந்தால், பெரிய ஃபைல் ஒன்று அதை நிரப்பிவிடும். நிரம்பியது காலியாக 0.8 நொடி ஆகும். அந்த நேரத்தில் வரும் குரல் பாக்கெட்டும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை. 800 மில்லிசெகண்டில் இருவரும் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்கள். ஃபைலின் பாக்கெட் தொலைந்தால் மறுபடி அனுப்பலாம். குரல் பாக்கெட் தாமதமாக வந்தால் அதைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இதை நீங்களே சோதிக்கலாம். வெளி முகவரி ஒன்றுக்குத் தொடர்ந்து பிங் (பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று காட்டும் கட்டளை) ஓடவிட்டு, பெரிய ஃபைல் ஒன்றை அப்லோடு செய்யுங்கள். 15, 18 என்று வந்துகொண்டிருந்த எண் சட்டென்று 400, 600 என ஏறினால் நோய் எதுவென்று தெரிந்துவிட்டது.

மருந்து இரண்டு. முதலாவது, உங்கள் ரௌட்டரில் அப்லோடு வேகத்தை உண்மையில் கிடைப்பதைவிடச் சற்றுக் குறைத்து, சுமார் 90 சதவீதத்தில் கட்டுப்படுத்துங்கள். இதற்கு ஷேப்பிங் என்று பெயர். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். பதிலுக்கு வரிசை மோடத்தில் நிற்காமல் உங்கள் கைக்குள் இருக்கும் ரௌட்டரில் நிற்கும். இரண்டாவது, அந்த வரிசையில் குரலை முன்னால் விடுங்கள். போன்கள் குரல் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 என்ற குறியைப் போடும். அதைப் பார்த்து முன்னுரிமை கொடுக்கும்படி ரௌட்டரில் அமைக்க வேண்டும். நடுவில் இருக்கும் ஸ்விட்ச் அந்தக் குறியை அழித்துவிடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில ஸ்விட்ச்களில் குறியை நம்பும்படி தனியாகச் சொன்னால்தான் விட்டுவைக்கும். பொது இணையத்தில் அந்தக் குறியை யாரும் மதிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நெரிசல் பெரும்பாலும் உங்கள் வாசலில்தான் என்பதால், அங்கே ஒழுங்கு செய்தாலே பாதித் தொல்லைக்கு மேல் தீரும்.

இதைச் செய்த பிறகும் போதவில்லை என்றால் வேகத்தைக் கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் முதலில் கேட்க வேண்டியது, புதிய பிளானில் அப்லோடு எவ்வளவு என்பதைத்தான்.

ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகளுக்கு வசதி வேண்டும் என்று எப்படிக் கணக்கிடுவது?

ஆட்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாதீர்கள்; உச்ச நேரத்துப் பேச்சை வைத்துக் கணக்கிடுங்கள். டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் இதற்குப் போதும். ஒரு மணி நேரத்தில் 200 அழைப்புகள், சராசரியாக 3 நிமிடம் என்றால் 600 நிமிடம். 60-ஆல் வகுத்தால் 10 எர்லாங், அதாவது சராசரியாக ஒரே நேரத்தில் 10 அழைப்புகள். நூற்றுக்கு ஒரு அழைப்புக்கு மேல் தடைபடக் கூடாது என்றால் 18 சேனல்கள் (ஒரே நேரத்தில் 18 அழைப்புகளுக்கு இடம்) வேண்டும். 10 போதும் என்று நினைத்தவர்கள் உச்ச நேரத்தில் மாட்டிக்கொள்வார்கள். கால் சென்டர் போல அழைப்புகளைக் காத்திருக்க வைப்பவர்களுக்கு எர்லாங் சி என்ற வேறு சூத்திரம். அவர்கள் மேலே சொன்ன சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

மேஜைக்கு ஒரே கேபிள் போதுமா, போனுக்குத் தனியாக இழுக்க வேண்டுமா?

ஒன்றே போதும். சுவரிலிருந்து போனுக்கு, போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு. குரலுக்கு ஒரு விலான் (ஒரே கேபிளில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்), கம்ப்யூட்டர்களுக்கு இன்னொரு விலான் என்று ஸ்விட்ச்சில் பிரித்துவிடுங்கள். வாங்கும்போது போனின் பின்னால் உள்ள கம்ப்யூட்டர் போர்ட்டின் வேகத்தைப் பாருங்கள். விலை குறைந்த மாடல்களில் அது 100 எம்பிபிஎஸ்தான் இருக்கும். கிகாபிட் ஸ்விட்ச் வாங்கியும் கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் போய்ச் சேராது. ஆனால் கட்டடத்தில் புதிதாகக் கேபிள் போடுவதாக இருந்தால் மேஜைக்கு இரண்டாகப் போட்டுவிடுங்கள். கூலியும் சுவர் வேலையும் ஒரு முறைதான்.

நாங்கள் பேசுவது எதிர்முனைக்குக் கேட்கிறது. அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்பதில்லை. இணைய அழைப்புச் சேவை தருபவரும் ஃபயர்வால் விற்றவரும் மாறி மாறிக் கைகாட்டுகிறார்கள்.

அழைப்பை ஏற்படுத்தும் எஸ்ஐபி வேறு, குரலைச் சுமக்கும் ஆர்டிபி வேறு. மணி அடிப்பதும் அழைப்பு இணைவதும் எஸ்ஐபி வேலை. அந்த எஸ்ஐபி செய்திக்குள்ளேயே “குரலை இந்த முகவரிக்கு அனுப்பு” என்று ஒரு வரி இருக்கும். உங்கள் போன் அங்கே 192.168 என்று தொடங்கும் உள் முகவரியை எழுதி அனுப்பினால், வெளியில் இருப்பவர் அந்த முகவரியை எப்படி அடைவார்? குரல் உங்கள் வாசலுக்கே வராது.

முதலில் ரௌட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற அமைப்பை அணைத்துப் பாருங்கள். அந்த முகவரியைத் திருத்தி உதவத்தான் அதை வைத்தார்கள். அரைகுறையாகத் திருத்திக் கெடுப்பதுதான் பல சாதனங்களில் நடக்கிறது. அப்புறம் ஆர்டிபி போர்ட்கள் ஃபயர்வாலில் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சேவை தருபவரிடம் போர்ட் வரம்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஃபயர்வாலின் வெளிப்பக்கத்தில் பாக்கெட் கேப்சர் (கடந்து போகும் பாக்கெட்டுகளின் பதிவு) எடுங்கள். ஆர்டிபி உள்ளே வந்துகொண்டிருந்தால் கோளாறு உங்கள் பக்கம். வரவே இல்லையென்றால், அனுப்பிய எஸ்ஐபி செய்தியில் எந்த முகவரி இருந்தது என்பதை அதே கேப்சரில் படித்துவிடலாம். உள் முகவரி இருந்தால் திருத்த வேண்டியது நீங்கள். சரியான வெளி முகவரி இருந்தும் குரல் வரவில்லை என்றால் சேவை தருபவரிடம் கேப்சரை அனுப்புங்கள். கையில் அது இருந்தால் யாரும் கைகாட்டித் தப்ப முடியாது.

இதன் உறவுக்காரச் சிக்கல் ஒன்று: வெளியே அழைக்க முடிகிறது, ஆனால் வரும் அழைப்புகள் சில சமயம் மணியே அடிப்பதில்லை. போன் சேவை தருபவரோடு வைத்திருந்த இணைப்பை ஃபயர்வால் மறந்துவிட்டது என்று பொருள். போன் 30 நொடிக்கு ஒருமுறை கீப்-அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்கும் சிறு செய்தி) அனுப்பும்படி அமையுங்கள்.

வைஃபையிலேயே போன்களை ஓட்டலாமா?

நடமாடிக்கொண்டே பேச வேண்டியவர்களுக்கு ஓட்டலாம். நாளெல்லாம் ஒரே மேஜையில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் பேசுபவருக்குக் கம்பிதான் என் முடிவு.

மின்சாரமோ இணையமோ போனால் போன்கள் எல்லாம் செத்துவிடுமே?

பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் ஸ்விட்ச்) வழியாக மின்சாரம் கொடுத்தால், அந்த ஸ்விட்ச்சையும் ரௌட்டரையும் மோடத்தையும் யூபிஎஸ்ஸில் போட்டாலே எல்லாப் போன்களும் உயிரோடு இருக்கும். பலர் சர்வரை யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டு மோடத்தை மறந்துவிடுகிறார்கள். ஸ்விட்ச்சின் மொத்த வாட் அளவையும் பாருங்கள்: 24 போர்ட்டுக்கும் 15.4 வாட் வீதம் முழுதாகக் கொடுக்க 370 வாட் வேண்டும். எல்லா மாடலும் அவ்வளவு தராது.

இணையத்துக்கு வேறு பாதையில் வரும் இரண்டாவது இணைப்பு வேண்டும். முதல் இணைப்பின் கேபிளோடு ஒரே குழாயில் வந்தால் ஒரே தோண்டலில் இரண்டும் அறுந்துவிடும். அலுவலகமே துண்டிக்கப்பட்டால் அழைப்புகள் கைபேசிகளுக்குத் திரும்பும்படி சேவை தருபவரின் பக்கத்திலேயே அமைத்துவையுங்கள். அலுவலகத்துக் கருவியில் அமைத்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.

லிஃப்ட் போனும் தீ அலாரமும் பழைய தொலைபேசி லைனில் இருந்தால், நிறுவியவரிடம் கேட்காமல் அந்த லைனை ரத்து செய்யாதீர்கள். அவசர உதவி எண்ணை அழைத்தால் எந்த முகவரி காட்டும் என்பதைச் சேவை தருபவரிடம் இப்போதே கேளுங்கள். புதிய கிளை திறக்கும்போது பழைய முகவரியே பதிவில் தங்கிவிட்டால், உதவி வேறு கட்டடத்துக்குப் போய் நிற்கும்.

நள்ளிரவில் வெளிநாட்டு எண்களுக்கு நாங்கள் செய்யாத அழைப்புகள் பில்லில் வந்திருக்கின்றன.

யாரோ உங்கள் எக்ஸ்டென்ஷன் (உள் எண்) ஒன்றின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 101-க்கு 101 என்றே கடவுச்சொல் வைத்திருந்தால் கண்டுபிடிக்கச் சில நொடிகள் போதும். இன்றே செய்ய வேண்டியவை: எல்லாக் கடவுச்சொற்களையும் நீளமாக மாற்றுங்கள், எஸ்ஐபி பயன்படுத்தும் 5060 போர்ட்டைச் சேவை தருபவரின் முகவரிக்கு மட்டும் திறந்துவையுங்கள், தேவையில்லாத நாடுகளுக்கான அழைப்பை மூடுங்கள், தினசரிச் செலவுக்கு உச்சவரம்பு கேட்டு வாங்குங்கள். உச்சவரம்பை அவர்கள் தரப்பில் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் எக்ஸ்சேஞ்சுக்குள் புகுந்தவர் அங்கே இருக்கும் வரம்பையும் மாற்றிவிடலாம்.