மே விடுமுறையில் ஆல்ப்ஸ் பயணம்: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: நாங்கள் கோவையில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 10 வயது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அடிக்கடி நடந்து பழகிய குடும்பம் எங்களுடையது. ஆல்ப்ஸ் மலையில் ஒரு வாரம் நடக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வரும் மே விடுமுறையில் சுவிட்சர்லாந்தின் செர்மாட், பிரான்சின் ஷாமோனி ஆகிய இரண்டு பனிச்சறுக்கு ஊர்களுக்கும் சேர்த்து நால்வருக்கு 11.5 லட்சம் ரூபாய் ஆகும் என்று ஒரு பயண முகவர் சொல்கிறார். மார்ச்சில் முதிர்வடையும் 4 லட்ச ரூபாய் வைப்புநிதி இருக்கிறது. அவசரத் தேவைக்கென வைத்துள்ள 3 லட்சத்திலிருந்து இரண்டரை லட்சத்தை எடுத்துக்கொண்டு, மீதி 5 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா? மாதம் 17,000 ரூபாய் வரை எங்களால் கட்ட முடியும்.

பதில்: வாங்க வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. ஆனால் பயணத்தைக் கைவிடச் சொல்லவில்லை. மாதத்தையும் ஊரையும் மாற்றினால், கடனே இல்லாமல், அவசரகால நிதியைத் தொடாமல், அடுத்த செப்டம்பர் கடைசியிலேயே நீங்கள் போய்வர முடியும்.

முதலில் மாதத்தைப் பார்ப்போம். நம் பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் மே மாதம் ஆல்ப்ஸில் நடப்பதற்கு ஏற்ற காலமே அல்ல. பெரும்பாலான பனிச்சறுக்கு ஊர்களில் குளிர்காலப் பருவம் ஏப்ரலோடு முடிந்து, கோடைப் பருவம் ஜூனில்தான் சூடுபிடிக்கும். இடைப்பட்ட வாரங்களில் பல ரோப்கார்கள் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருக்கும், பல விடுதிகளும் உணவகங்களும் பூட்டியிருக்கும். செர்மாட்டில் 3,089 மீட்டர் உயரத்துக்கு ஏறும் கோர்னர்கிராட் ரயில் ஆண்டு முழுவதும் ஓடும் என்பது உண்மை. ஆனால் அந்த உயரத்துப் பாதைகளில் மே மாதத்திலும் பனி மூடிக் கிடக்கும் என்பதால், ரயிலில் ஏறி, மேட்டர்ஹார்ன் சிகரத்தைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு இறங்கத்தான் முடியும். நீங்கள் விரும்புவது நடை. அது கிடைக்காத மாதத்துக்கு 11.5 லட்சம் கொடுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டப் பள்ளி என்றால், காலாண்டுத் தேர்வு விடுமுறை செப்டம்பர் கடைசியில் தொடங்கி ஏறத்தாழ ஒன்பது நாள் வரும். அந்த நேரத்தில் உயரமான இடங்களில் திடீரென்று பனி விழக்கூடும், மேலே உள்ள சில உணவு விடுதிகள் மூடத் தொடங்கியிருக்கும். ஆனாலும் நடுத்தர உயரத்துப் பாதைகள் பெரும்பாலும் திறந்திருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.

அடுத்தது ஊர். பனிச்சறுக்குக்காகக் கட்டப்பட்ட ஊர்களில் வாடகை உச்சத்தில் இருப்பது குளிர்காலத்தில். கோடையில் அறைகள் காலியாகக் கிடப்பதால் உரிமையாளர்கள் விலையைக் குறைத்து, சலுகைகளையும் சேர்த்துத் தருவார்கள். செர்மாட்டும் ஷாமோனியும் இந்தக் கணக்கில் அடங்காதவை. மேட்டர்ஹார்ன், மோன் பிளாங்க் சிகரங்கள் கோடையிலும் உலகத்தையே அங்கே இழுத்து வருவதால், அந்த ஊர்களில் இரண்டு பருவமும் சீசன்தான். போதாக்குறைக்கு ரோப்கார்களுக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். நால்வர் குடும்பத்துக்குத் தினமும் ஒரு முறை மேலே போய்வரும் செலவே பட்ஜெட்டைக் கரைத்துவிடும்.

ஆகவே உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலத்தில் உள்ள சால்பாக்-ஹின்டர்கிளெம். 1991-லும் 2025-லும் ஆல்பைன் பனிச்சறுக்கு உலகச் சாம்பியன் போட்டிகள் நடந்த ஊர் அது. அங்கே 'ஜோக்கர் கார்டு' திட்டத்தில் சேர்ந்துள்ள விடுதியில் தங்கினால், கோடைக்காலத்தில் ஓடும் ரோப்கார்களிலும் பள்ளத்தாக்குப் பேருந்திலும் தனிக் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். காலையில் ஷாட்பெர்க் ரோப்காரில் 2,000 மீட்டருக்கு மேல் ஏறி, முகடு வழியே நடந்து, மதியம் மலைக் குடிலில் சாப்பிட்டு, கால் வலித்தால் ரோப்காரிலேயே இறங்கிவிடலாம். பத்து வயதுப் பையனோடு போகும் குடும்பத்துக்கு இந்தச் சுதந்திரம் பெரிது. அறையைப் பதிவு செய்யும் முன், அந்த விடுதி திட்டத்தில் இருக்கிறதா, உங்கள் தேதிகளில் எந்தெந்த ரோப்கார்கள் ஓடும் என்ற இரண்டையும் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். 2025 மே முதல் சால்ஸ்பர்க் மாநிலத்தில் தங்கும் விருந்தினர்களுக்கு மாநிலத்துக்குள் பொதுப் போக்குவரத்தும் இலவசம்.

செலவைக் கணக்கிடுவோம். ஒரு யூரோவுக்கு 105 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஆஸ்திரியா உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ. உங்கள் மகளுக்கு முழுக் கட்டணம் என்பதால் நால்வருக்கும் 315 யூரோ, விசா மையச் சேவைக் கட்டணத்தோடு சுமார் 43,000 ரூபாய். விமானத்துக்குத் தலைக்கு 60,000 வீதம் 2.4 லட்சம். சமையலறை உள்ள குடியிருப்புக்கு இரவுக்கு 130 யூரோ என்றால் ஏழு இரவுக்குச் சுமார் 96,000. வீட்டில் சமைத்து, மதியம் மட்டும் வெளியே சாப்பிட்டால் நாளுக்கு 80 யூரோ போதும். எட்டு நாளுக்குச் சுமார் 67,000. ரயிலுக்கு 10,000, காப்பீடு, காலணி, மழைச்சட்டைக்கு 55,000. கூட்டினால் 5.11 லட்சம், பத்து சதவீதம் கையிருப்பு சேர்த்தால் 5.62 லட்சம். இவை திட்டமிடுவதற்கான என் மதிப்பீடுகள். விமானக் கட்டணம்தான் அதிகம் ஏறி இறங்கும்.

சால்பாக் போக ஜெர்மனியின் முனிச் விமான நிலையத்தில் இறங்கினால் ஒரு எச்சரிக்கை. அங்கே அக்டோபர்ஃபெஸ்ட் என்ற பீர் விழா செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் முதல் ஞாயிறு வரை நடப்பதால், அங்கே அறை வாடகை பன்மடங்காகும். ஓர் இரவுகூடத் தங்காமல், 'பயர்ன் டிக்கெட்' என்ற ஒரு நாள் ரயில் சீட்டை எடுத்து வட்டார ரயிலில் சால்ஸ்பர்க் போய்விடுங்கள். வார நாட்களில் அது காலை ஒன்பது மணிக்குப் பிறகே செல்லுபடியாகும்.

பணம் எங்கிருந்து வரும்? 5 லட்சத்தை 13 சதவீத வட்டியில் மூன்றாண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 16,850 ரூபாய். வட்டி மட்டும் ஒரு லட்சத்து ஆறாயிரம். அதே 17,000 ரூபாயை இந்த மாதமே தொடங்கிப் பதினோரு மாதம் ஆர்.டி.யில் போட்டால் 1.87 லட்சம் சேரும். வைப்புநிதியோடு சேர்த்தால் 5.87 லட்சம். ஒரு வருடத்துக்குள் தேவைப்படும் இந்தப் பணத்தைப் பங்குச்சந்தை ஃபண்டுகளில் போடாதீர்கள். இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் 3 லட்சம் அவசர நிதி என்பதே குறைவு. அதைக் காலி செய்துவிட்டு, திரும்பி வந்த மாதமே ஒருவர் மருத்துவமனையில் படுத்தால், அடுத்த கடனை எந்த வட்டிக்கு வாங்குவீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள்; வருமான வரிக் கணக்கில் சரிசெய்துகொள்ளலாம் என்றாலும் பணம் மாதக்கணக்கில் முடங்கும். நீங்களே பதிவு செய்து, யூரோவை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் அட்டை) ஏற்றினால், நபருக்கு ஆண்டுக்கு 10 லட்சம் வரை அந்தப் பிடித்தம் இல்லை. யூரோவை ஒரே நாளில் வாங்காமல், ஜூன் தொடங்கி மூன்று தவணைகளாக ஏற்றுங்கள். அங்கே கடையில் கார்டு இயந்திரம் ரூபாயா, யூரோவா என்று கேட்டால் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் மாற்றித் தரும் விலை ஏறக்குறைய எப்போதும் நமக்கு நட்டம்தான்.

காப்பீட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். விசாவுக்குத் தேவையான 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இருந்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆஸ்திரியாவில் மலையில் கால் பிசகி ஹெலிகாப்டர் வந்தால், அதற்கான பில் பல ஆயிரம் யூரோ ஆகலாம். அதை மீட்கப்பட்டவரே கட்ட வேண்டியிருக்கும். ஆகவே மலை மீட்புச் செலவு சேர்ந்திருக்கிறதா, மலை நடை விலக்கப்பட்டிருக்கிறதா, உயர வரம்பு ஏதும் உண்டா என்று பாலிசி ஆவணத்தில் நீங்களே படித்துப் பார்த்து வாங்குங்கள். விசாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் ஏப்ரலில் ஆவணங்களைத் தயார் செய்யத் தொடங்குங்கள். விசா கைக்கு வரும்வரை, இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையை மட்டுமே பதிவு செய்யுங்கள்.